எப்படி ஆச்சு?

எங்கள் பக்கம் கேதம் கேட்க வருகிறவர்கள் ஆறுதல் சொல்லி ஆரம்பிப்பதில்லை. வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வருவார்கள். பெண்கள் என்றால் தோளைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுவார்கள். அப்புறம் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்பது ஒரே கேள்விதான்: "எப்படி ஆச்சு?"

2023 ஆடி மாதம் என் தம்பி இறந்தான். கருமாதி வரையிலான பதினாறு நாளில் அந்தக் கேள்விக்கு எத்தனை முறை பதில் சொன்னேன் என்று கணக்கில்லை. அவனுக்கு 38 வயது. மதுரையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போல ஷட்டில் விளையாடப் போனான். முதல் ஆட்டம் முடிந்ததும், ஒரு மாதிரி வியர்க்கிறது, நீங்கள் ஆடுங்கள் என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் சரிந்துவிட்டான். கூட விளையாடியவர்கள் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். வரும்போதே உயிர் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது, சிகரெட் கிடையாது.

பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். சம்பந்தக்காரர்களிடம் சொன்னேன். அவன் ஆபீஸ்காரர்களிடம், பள்ளிக்கூடத்திலிருந்து வேன் பிடித்து வந்த என் சக ஆசிரியர்களிடம், பேர் தெரியாத ஒன்றுவிட்ட சித்தப்பாக்களிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல அது பாடம் ஒப்பிப்பது மாதிரி ஆகிவிட்டது. எந்த இடத்தில் கேட்கிறவர் 'ச்சோ' கொட்டுவார் என்றுகூட எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு வரியை விட்டுவிட்டேன். தெரிந்தேதான் விட்டேன்.

பெஞ்சில் உட்கார்ந்ததும் அவன் எனக்கு போன் செய்தான். நான் எடுக்கவில்லை.

திண்டுக்கல்லில் எங்கள் தெருமுனைக் கறிக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஞாயிறு காலைக் கூட்டம். எனக்கு முன்னால் நாலு பேர். ஒரு கையில் தூக்குவாளி, இன்னொரு கையில் பர்ஸ். போன் அதிர்ந்தது. பார்த்தேன், தம்பி. மணி 6.42. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். அரைக் கிலோ தொடைக்கறியும் கொஞ்சம் ஈரலும் வாங்கி வந்து கழுவிக்கொண்டிருந்தபோது மறுபடி அடித்தது. தம்பி என்றே நினைத்து ஈரக்கையோடு எடுத்து, "சொல்லுடா" என்றேன். யாரோ ஒருவர் மூச்சு வாங்கியபடி, "மேடம், நீங்க அக்காவா?" என்றார்.

---

கருமாதி வரைக்கும் வீட்டில் ஆள் இருந்தது. யாராவது சோறு கொண்டுவந்தார்கள், யாராவது காபி போட்டார்கள், ராத்திரி ஹாலில் பத்துப் பேர் வரிசையாகப் படுத்திருந்தார்கள். அந்தக் கூட்டம் எனக்கு எரிச்சலாக இருந்தது. பதினாறாம் நாள் பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். பதினேழாம் நாள் காலை எழுந்து பார்த்தால் அம்மா, தம்பி மனைவி, அவர்களுடைய ஏழு வயதுப் பெண் குழந்தை, நான். மிக்சி சத்தம்கூட இல்லை. அந்தக் கூட்டம் எங்களை எதிலிருந்து காத்துக்கொண்டிருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் சான்றிதழ் வேலைகள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பேங்க், இன்ஷூரன்ஸ் என்று ஒவ்வொரு ஜன்னலிலும் அவன் பேருக்கு முன்னால் 'லேட்' போட்டு எழுத வேண்டியிருந்தது. அதையெல்லாம் நான்தான் செய்தேன். நன்றாகவே செய்தேன். "டீச்சர் தைரியமா இருக்காங்க" என்று ஊரில் பேர் வந்தது.

நாலைந்து மாதம் கழித்துத்தான் உடம்பு காட்டிக்கொடுத்தது. தொண்டையில் ஏதோ அடைத்துக்கொள்ளும். பெருமூச்சாக வரும். வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருப்பேன், திடீரென்று அலை மாதிரி வந்து அடித்து, அரை மணி நேரம் ஆட்டிவிட்டுப் போகும். காலை 6.42க்கு அலாரம் இல்லாமலே விழிப்பு வந்தது. கறிக்கடைத் தெருவையே விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். எல்லாவற்றையும்விடக் கொடுமை, நம் ஊரில் யார் வேண்டுமானாலும் நம்மை அக்கா என்று கூப்பிடுவார்கள். பூக்காரம்மா கூப்பிடுவார், கண்டக்டர் கூப்பிடுவார், கியாஸ் சிலிண்டர் போட வரும் பையன் கூப்பிடுவான். ஒரு நாளைக்கு எத்தனை அக்கா! ஒவ்வொன்றும் நெஞ்சில் வந்து குத்தியது.

நான் முதலில் போய்ப் பார்த்த டாக்டர் ஐந்து நிமிடத்தில் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். "ஆறு மாசம் ஆகப்போகுதே, இன்னுமாம்மா?" என்றார். அந்த 'இன்னுமா' என்னை இரண்டு மாதம் வாயை மூட வைத்துவிட்டது.

இந்தக் காலக்கணக்கைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். துக்கம் நோய் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு எந்தச் சிகிச்சையும் தேவைப்படாது. உறவும் வேலையும் காலமும் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அது நகராமல் உறைந்துவிடுகிறது. விபத்து, தற்கொலை, எதிர்பாராத சாவு என்றால் அப்படி உறைவதற்கு வாய்ப்பு இன்னும் அதிகம். இதற்கு நீடித்த துக்கக் கோளாறு என்று பெயர் வைத்து, உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் சேர்த்திருக்கிறது. அந்தப் பதிப்பு நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரியில். அவர்கள் கணக்கில் ஆறு மாதம். அதே ஆண்டு மார்ச்சில் வந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் பெரியவர்களுக்கு ஒரு வருடம். வெறும் நாள் கணக்கு மட்டும் இல்லை. அந்த ஏக்கம் அநேகமாக தினமும் ஆளை அடித்துப்போட்டு, அன்றாட வாழ்க்கையையே முடக்கியிருக்க வேண்டும். ஆறு மாதத்தில் அழுகிறவரைப் பார்த்து 'இன்னுமா' என்று கேட்க அதில் எந்த இடமும் இல்லை.

---

ஒரு நாள் கறிக்குழம்பு வாசனைக்கு நான் பக்கத்து வீட்டிலிருந்து எழுந்து ஓடிவந்ததைப் பார்த்து, என் வீட்டுக்காரர்தான் விசாரித்து, மதுரையில் ஒரு உளவியல் நிபுணரிடம் கூட்டிப்போனார். 2024 ஏப்ரல், தம்பி போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. முப்பது வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. "உக்காருங்கக்கா" என்றார். அவ்வளவுதான், முதல் பத்து நிமிடம் அழுகையிலேயே போனது. அழுது முடித்ததும், எதனால் என்று கேட்காமல், "நான் உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேட்டார். "டீச்சர்னு கூப்பிடுங்க" என்றேன். கடைசி வரை அப்படியே கூப்பிட்டார்.

அமர்வுக்கு 1,200 ரூபாய். வாரம் ஒருமுறை, திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். மொத்தம் பதினாறு அமர்வுகள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பதினாறு என்றதும் எனக்குக் கருமாதிதான் ஞாபகம் வந்தது. ஆனால் அந்தக் கணக்கு வேறு இடத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் கேதரின் ஷியர் என்ற மனநல மருத்துவர், உறைந்துபோன துக்கத்துக்கென்றே ஒரு சிகிச்சை முறையை உருவாக்கி, 2005இல் அதன் முடிவுகளை வெளியிட்டார். வழக்கமான பேச்சுச் சிகிச்சை ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், அதில் 28 சதவீதம் பேருக்குப் பலன் கிடைத்தது, இவருடைய முறையில் 51 சதவீதம் பேருக்கு. பாதிப் பேர்தான் என்றும் பார்க்கலாம். எனக்கு அப்போது பாதி வாய்ப்பே பெரிதாக இருந்தது.

முதல் மூன்று வாரம் சாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. தம்பி என்ன சாப்பிடுவான், எதற்குச் சண்டை போடுவோம், சைக்கிள் யார் ஓட்டப் பழக்கினார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எட்டு மாதமாக என் மனதில் தம்பி என்றால் ஐஸ் பெட்டிக்குள் மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தவன் மட்டும்தான். அந்த மூன்று வாரத்தில் டவுசர் போட்ட தம்பி திரும்பி வந்தான். மாங்காய்க்கு உப்பு கேட்டு அடுப்படியில் நிற்கிற தம்பி.

நாலாவது வாரம் சொன்னார்: "டீச்சர், கண்ணை மூடிக்குங்க. அன்னிக்குக் காலையில நடந்ததை, இப்ப நடக்கிற மாதிரி சொல்லுங்க. என் போன்ல இல்ல, உங்க போன்லயே பதிவு பண்ணுவோம்."

எனக்குத்தான் பாடம் மனப்பாடமாச்சே. சொன்னேன். கறிக்கடையில் நிற்கிறேன், வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன், கழுவுகிறேன், போன் அடிக்கிறது, "மேடம், நீங்க அக்காவா" என்கிறார்கள். முழுதும் சொல்லி முடிக்க பதினோரு நிமிடம். கண்ணைத் திறந்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மெதுவாக ஒன்று கேட்டார்.

"வீட்டம்மா மதுரையிலயே இருக்காங்க. கூட விளையாடுறவங்க அவங்களுக்குப் போடாம, திண்டுக்கல்ல இருக்கிற உங்களுக்கு ஏன் முதல்ல போட்டாங்க?"

அத்தனை பேர் வந்து கேட்டார்களே, எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு என்று. ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. அவன் போனில் மேலே இருந்தது என் நம்பர்தான். கடைசியாக அழைத்தது 'அக்கா'. அதைத்தான் அந்த மனிதர் அழுத்தினார். பேச்சின் முடிவில், நல்ல எண்ணத்தோடுதான், "கடைசியா உங்களுக்குத்தான் கூப்பிட்டிருக்காரு மேடம்" என்றார். அந்த வாக்கியத்தை எட்டு மாதம் ஒரு ஆளாகச் சுமந்துகொண்டிருந்தேன். புருஷனுக்குச் சொல்லவில்லை, அம்மாவுக்குச் சொல்லவில்லை. அந்தச் சின்ன அறையில், டேபிள் ஃபேன் சத்தத்துக்கு நடுவில், முதல் தடவையாக வாயைத் திறந்து சொன்னேன்.

"உங்க தப்பு இல்லைன்னு இதுவரைக்கும் யாராவது சொன்னாங்களா?"

"யாருக்கும் தெரியாதே."

அவரும் அதைச் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் அதைச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

---

திடீர்ச் சாவில் மிஞ்சுகிறவர்கள் ஏதோ ஒரு நொடியில் மாட்டிக்கொள்கிறார்கள். இது புதிதில்லை. 1942 நவம்பர் 28 இரவு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கோகோனட் குரோவ் என்ற இரவு விடுதி தீப்பிடித்து 492 பேர் இறந்தார்கள். அதில் உறவுகளை இழந்தவர்களையும் சேர்த்துப் பார்த்து, எரிக் லிண்டமன் என்ற மருத்துவர் 1944இல் ஒரு கட்டுரை எழுதினார். துக்கத்தை உடம்பு என்ன செய்கிறது என்பதை நேரில் பார்த்து எழுதிய முன்னோடிக் கட்டுரைகளில் ஒன்று அது. அதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. தொண்டை அடைப்பது, பெருமூச்சு விடுவது, இருபது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை அலை அலையாக வருவது எல்லாம் அப்படியே இருந்தது. எண்பது வருடத்துக்கு முன்னால், என்னைப் பார்க்காமலே எழுதியிருக்கிறார். மனைவியை நெருப்பில் பறிகொடுத்துத் தான் மட்டும் பிழைத்த ஒரு இளைஞரும் அதில் வருகிறார். காப்பாற்றியிருக்க வேண்டும், காப்பாற்றியிருக்க வேண்டும் என்றே இருந்திருக்கிறார். அந்தக் குற்ற உணர்ச்சியே கடைசியில் அவரைக் கொண்டுபோய்விட்டது.

வாட்ஸ்அப்பில் எனக்கு யார் யாரோ அனுப்பிய துக்கத்தின் ஐந்து படிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று வரும் அந்தப் படிகளை எலிசபெத் கியூப்ளர் ராஸ் 1969இல் எழுதியது, சாகப்போகிற நோயாளிகளிடம் பேசி. பிழைத்திருக்கிறவர்கள் ஏற வேண்டிய ஏணி இல்லை அது. நான் எந்தப் படியில் நிற்கிறேன் என்று தெரியாமல் பல ராத்திரி கலங்கியிருக்கிறேன். 1999இல் ஸ்ட்ரோப், ஷூட் என்ற, நெதர்லாந்தில் வேலை பார்த்த இரண்டு ஆய்வாளர்கள் சொன்னதுதான் எனக்குப் பொருந்தியது. துக்கப்படுகிறவர் இழப்பின் பக்கம் ஒரு நேரமும் வாழ்க்கையின் பக்கம் ஒரு நேரமுமாக மாறி மாறிப் போய்வருவார், அப்படிப் போய்வருவதுதான் ஆரோக்கியம் என்கிறார்கள். தம்பி போன மூன்றாம் மாதம் டிவியில் ஏதோ காமெடிக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டு, பாத்ரூமுக்குள் போய் வாயிலேயே அடித்துக்கொண்டவள் நான். இதை யாராவது அப்போதே சொல்லியிருக்கலாம்.

வீட்டுப்பாடம், அந்தப் பதிவைத் தினமும் ஒருமுறை கேட்பது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து இயர்போனில் கேட்டேன். கேட்டு முடித்ததும் மனதுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைக் கட்டாயம் செய்ய வேண்டும், அதுவும் பாடத்தில் சேர்த்தி. நான் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். வேதனை நூற்றுக்கு எத்தனை என்று ஒரு நோட்டில் குறித்துவைத்தேன். முதல் வாரம் முழுக்க 95, 100, 95. மூன்றாம் வாரம் ஒரு நாள் 70. அன்றைக்குப் பதிவைக் கேட்டபோது புதிதாக ஒன்று காதில் விழுந்தது. "எனக்கு முன்னால் நாலு பேர்" என்று நான் சொல்கிற இடம். எட்டு மாதமாக என் மனதில் நான் வேண்டுமென்றே எடுக்காமல் விட்டவள். பதிவில் பேசுகிறவளோ கையில் தூக்குவாளியோடு வரிசையில் நிற்கிற ஒரு சாதாரணப் பெண். அவளுக்கு எதுவும் தெரியாது. அவள்மீது எனக்கு முதல்முறையாகப் பாவமாக இருந்தது.

பத்தாவது வாரம் கறிக்கடைக்குப் போகச் சொன்னார். வாங்க வேண்டாம், வரிசையில் நின்றுவிட்டு வந்தால் போதும். முதல் ஞாயிறு தெருமுனை வரை போய்த் திரும்பினேன். இரண்டாவது ஞாயிறு நின்றேன். புளியங்கட்டையில் கத்தி விழுகிற சத்தத்தில் வயிற்றைப் புரட்டியது. கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "என்ன டீச்சர், ஒரு வருசமா ஆளையே காணோம்?" என்றார். "தம்பி தவறிட்டான்" என்றேன். கத்தியைக் கீழே வைத்தார். "எப்படி ஆச்சு?" என்றார். கூட்டத்தை நிறுத்திவைத்துவிட்டுக் கேட்டார். "இங்க நின்னுட்டிருந்தப்பதான் போன் வந்துச்சு. எடுக்கல" என்று சொன்னேன். வேறு ஒன்றும் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். காசு வாங்காமல் ஒரு எலும்புத் துண்டைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதற்கடுத்த அமர்வுதான் எல்லாவற்றிலும் கடினம். எதிரே ஒரு காலி நாற்காலி. தம்பி அதில் இருப்பதாக நினைத்துப் பேசச் சொன்னார். அது எனக்கு வந்தது. நம் பெண்களுக்கு அது வரும். ஒப்பாரி வைக்கும்போது பிணத்தைப் பார்த்து நீ, நீ என்றுதானே பேசுகிறோம், ஏண்டா போனே, யாரைக் கேட்டுப் போனே என்று. ஆனால் ஒப்பாரியில் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வராது. இங்கே, நான் பேசி முடித்ததும், "இப்ப அந்த நாற்காலியில நீங்க உக்காருங்க. தம்பியா பதில் சொல்லுங்க" என்றார்.

மாறி உட்கார்ந்தேன். வாயே வரவில்லை. ஏனென்றால் முதல் வார்த்தை 'அக்கா' என்று வரவேண்டும். அந்த வார்த்தையை அவன் குரலில் நானே சொல்ல வேண்டும். எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. கடைசியில் வந்தது: "அக்கா, நீ எடுக்கலன்னா என்ன, எப்படியும் திருப்பிக் கூப்பிடுவன்னு எனக்குத் தெரியும்க்கா."

அது நான் யோசித்துச் சொன்னது இல்லை. ஆனால் அவன் அப்படித்தான் சொல்லியிருப்பான், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. இருபது வருடமாக அவன் கூப்பிட்டு நான் எடுக்காத அழைப்புகள் எத்தனை இருக்கும்! திருப்பிக் கூப்பிடாதது ஒன்றுகூட இல்லை. அன்றைக்கும் கறியைக் கழுவி வைத்துவிட்டுக் கூப்பிடத்தான் இருந்தேன்.

---

அம்மா இந்தச் சிகிச்சைக்கெல்லாம் வரவில்லை. "எம் புள்ளையப் பத்தி ஊரான் கிட்ட என்ன பேசுறது" என்றுவிட்டார். அவருக்கு வேறு வழி இருந்தது. தம்பியின் நம்பருக்கு 84 நாளைக்கு ஒருமுறை ரீசார்ஜ் செய்யச் சொல்வார். பென்ஷன் காசில் எண்ணி எடுத்துக் கொடுப்பார். அந்த நம்பருக்குப் போன் போட்டு, அவன் வைத்திருந்த காலர் டியூனை முழுதும் கேட்டுவிட்டு வைப்பார். இது சரியா, நிறுத்த வேண்டுமா என்று மதுரையில் கேட்டேன். "அம்மா சாப்பிடுறாங்களா, தூங்குறாங்களா, கோயிலுக்குப் போறாங்களா?" என்று கேட்டார். எல்லாம் செய்கிறார் என்றேன். "அப்ப ரீசார்ஜ் பண்ணிக் குடுங்க டீச்சர்" என்றார். இறந்தவரோடு உள்ள உறவை அறுத்தால்தான் துக்கம் தீரும் என்று முன்பு நினைத்தார்களாம், இப்போது அப்படி இல்லையாம். அமாவாசைக்குக் காக்காய்க்குச் சோறு வைக்கிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எல்லோராலும் மதுரைக்குப் போய் 1,200 ரூபாய் கொடுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். 14416 என்று ஒரு எண் இருக்கிறது. டெலி மானஸ், மத்திய அரசின் இலவச மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழில் பேசலாம், நடுராத்திரியிலும் பேசலாம். செத்துப்போகலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்திருந்தாலும், தயவுசெய்து விடியும்வரை காத்திருக்காமல் கூப்பிடுங்கள். கேத வீட்டுக்குப் போகிறவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கருமாதி முடிந்து ஒரு மாதம், ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை போங்கள். போய் அதே கேள்வியைக் கேளுங்கள். தெரிந்த கதைதானே என்று நினைக்காதீர்கள். முதல் முறை கேட்டபோது எதை விட்டுவிட்டுச் சொன்னார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

தலைத் திவசத்துக்குப் பெரியம்மா மகள் வந்திருந்தாள். துபாயில் இருக்கிறாள், சாவுக்கு வர முடியவில்லை. அடுப்படியில் நாங்கள் மூன்று பேரும் படையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். அம்மா அரிவாள்மனையில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார். பெரியம்மா மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிக்கா ஆச்சு?" என்றாள்.

சொன்னேன். கறிக்கடை, 6.42, தூக்குவாளி, பைக்குள் போட்ட போன், எதையும் விடவில்லை. அம்மாவுக்கு அது தெரியாது என்பதே பாதி சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. நிறுத்தவில்லை. அரிவாள்மனைச் சத்தம் நின்றுவிட்டது. நான் அம்மா பக்கம் திரும்பவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா, "ஞாயித்துக்கிழமைல்ல" என்றார். "கறி எடுத்தாச்சான்னு கேக்கத்தான் போட்டிருப்பான்." சீவினதை அள்ளித் தண்ணீரில் போட்டுவிட்டு அடுத்த வாழைக்காயை எடுத்தார்.